எந்தச் சாவுக்குத் தறி நிற்கும்?

தேவிகாபுரத்துத் தறிவீடுகளில் செய்தியைப் பெரும்பாலும் காதால்தான் கேட்கிறார்கள். கண் பட்டின் மேல், கை நாடாவில், கால் மிதியில். பக்கத்தில் டிவியோ செல்போனோ அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். தெரிந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் தறி ஒரு கணம் நிற்கும். தெரியாத பெயர் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும். நெசவாளியை இதற்காகக் குறை சொல்ல முடியாது. எந்த ஊரின் பெயர் அவர் காதுக்கு வந்து சேர வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

2015 நவம்பர் 12 அன்று பெய்ரூட்டில் குண்டுவெடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் பாரிஸில் 130 பேர். தங்கள் உறவினர் நலமா என்று அறியும் வசதியை ஃபேஸ்புக் பாரிஸுக்குத் திறந்தது, பெய்ரூட்டுக்குத் திறக்கவில்லை. எங்களுக்கு ஏன் இல்லை என்று லெபனான்காரர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்டுத் தலையாட்டுகிற தமிழருக்கும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. அது இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தனர். டென்மார்க்கின் பெரும் செல்வந்தர் ஒருவர் தம் நான்கு பிள்ளைகளில் மூவரை அன்று இழந்தார். அந்தத் தகப்பனின் துயரம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது, வர வேண்டியதுதான். அதே காலையில் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில், ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்றிருந்த பிள்ளைகள் செத்தார்கள். தமிழ் பேசும் பிள்ளைகள். வெளிநாட்டுச் செய்திகளில் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வந்தார்கள்.

தாக்குதலின் தலைவன் சஹ்ரான், பக்கத்திலேயே சில கிலோமீட்டரில் உள்ள காத்தான்குடிக்காரன். அந்த வாரம்தான் உலகம் காத்தான்குடி என்ற பெயரைக் கேட்டது, கொலைகாரனின் ஊராக.

அந்த ஊர் அதற்கு 29 வருடம் முன்பே ரத்தம் சிந்தியிருந்தது. 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷா தொழுகைக்கு ஆண்களும் சிறுவர்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் சன்னதியில் இரவுப் பூசைக்கு நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். பின்னாலிருந்து சுட்டார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். விடுதலைப் புலிகள் மறுத்தார்கள். உயிர் தப்பியவர்கள் அவர்களையே சொன்னார்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குத் தமிழ்நாடு கடையடைத்தது, வீதிக்கு வந்தது. காத்தான்குடிக்கு அப்படி ஒரு கொந்தளிப்பு எழவில்லை. மொழி ஒன்றுதான், கடல் தூரமும் அதேதான். மாறியது, சுட்டது யார் என்பது. கொன்றவன் நமக்கு வேண்டியவனாக இருந்தால் செத்தவனைப் பற்றிப் பேசச் சங்கடமாகிறது. பாரிஸ், பெய்ரூட் பாரபட்சத்தைவிட இது கூடுதல் கனமான குற்றம், ஏனென்றால் இதில் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று, அதே மட்டக்களப்பின் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்மக்கள் கணக்கில் 184 பேர், பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட. சாட்சியம் ராணுவத்தைக் காட்டியது. தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை. இதற்கு அழுதவர்கள் அதற்கு அழவில்லை, அதற்கு அழுதவர்கள் இதற்கு அழவில்லை.

தன் பிள்ளைக்குத் தாய் கூடுதலாக அழுவதை யாரும் பாரபட்சம் என்று சொல்ல மாட்டார்கள். பத்திரிகை தாய் இல்லை. அதன் கண் படாத இடத்துக்கு விசாரணையும் நஷ்டஈடும் லேசில் போவதில்லை. ஆகவே யாருக்கு எத்தனை பத்தி என்பது வெறும் உணர்ச்சி விஷயம் அல்ல. பிழைத்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 3 இங்கே ஆடிப்பெருக்கை ஒட்டி வரும் நாள். காத்தான்குடியில் அன்று சுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம். மீரா ஜும்மா பள்ளிவாசல் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.