"டீச்சர், இது நிஜமா நடந்ததா?"

கன்று தேர்க்காலில் அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. தேரோட்டிய ஒரே மகன் மீது தானே தேரை ஏற்றினான் மனுநீதிச் சோழன். தொடக்கப் பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்கும்: "டீச்சர், இது நிஜமா நடந்ததா?"

ஆமாம் என்றால் வரலாறு பொய்க்கும். வெறும் கதை என்றால், கதை நிகழும் திருவாரூரின் தியாகராசரை வீட்டில் கும்பிடும் பிள்ளை கலங்கும். உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவது எளிது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது, தத்துவ ஞானிகள் காலங்காலமாகக் கேட்ட கேள்வி. ஒன்றை மெய் என்று எப்படி அறிவது?

தமிழில் இதற்கு நீண்ட மரபு உண்டு. மணிமேகலையில் சமயவாதிகளின் கருத்துகளைக் கூறும் பகுதி, அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, விளக்குவதோடுதான் தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றை முதன்மையாக வைத்தார். நேரில் கண்டதா, ஊகித்ததா, பெரியோர் சொல்லிக் கேட்டதா என்று பிரித்துப் பார்ப்பது பக்திக்குப் பகையாக அவருக்குத் தோன்றவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் இது எட்டாத விஷயமில்லை. பென்சில் காணாமல் போனால் "நீ பார்த்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று அதுவே விசாரிக்கிறது.

அதே விசாரணையை மனுநீதிச் சோழன் கதையிலும் நடத்தலாம். கதையை விரிவாகப் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருக்கு வெகுகாலம் முன்பே சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி இதைச் சொல்லிவிட்டாள்.

கடலுக்கு அப்பாலும் இந்தக் கதை இருக்கிறது. இலங்கையின் பாலி நூலான மகாவம்சம், சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றி இதையே சொல்கிறது. மன்னனின் படுக்கைத் தலைமாட்டில் மணி, அதிலிருந்து வெளியே நீளும் கயிறு. திஸ்ஸ வாவிக்குப் போன மகனின் வண்டி, வழியில் படுத்திருந்த கன்றின் மேல் ஏறிவிடுகிறது. அதே சக்கரத்தால் மகனின் தலையை அறுக்கச் செய்கிறான் மன்னன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சேக்கிழாரிடம் சிவபெருமான் வீதியில் காட்சி தர, கன்றும் இளவரசனும் உயிர் பெற்று எழுகிறார்கள். மகாவம்சத்தில் மகன் மீள்வதில்லை. ஒருவர் இறைவனின் அருளைப் பாட வந்த அடியார். மற்றவர், எல்லாளன் ஆண்டதாகச் சொல்லப்படும் காலத்துக்கு அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கழித்து எழுதிய பௌத்த பிக்கு. எல்லாளன் தம் நெறியை ஏற்காதவன் என்பதைச் சொல்லிக்கொண்டே அவனுடைய நீதியையும் அவர் புகழ்கிறார். யார், எப்போது, யாரைப் பற்றி, எதற்காகச் சொன்னார் என்று கேட்கப் பழகிய பிள்ளை வரலாற்றின் வாசலுக்கு வந்துவிட்டது.

கல்லே சாட்சி சொல்லும் இடமும் உண்டு. ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானைப் பாட்டில்தான் அறிந்திருந்தோம். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டில், துறவியர் தங்க இடம் கொடுத்தவனாக அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. அப்படியொரு மன்னன் இருந்ததற்கு அது வலுவான சான்று. நெல்லிக்கனியைப் பற்றி அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் புலவரின் சொல்தான் ஆதாரம். இந்த நுட்பத்தை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

இப்படிக் கற்பித்தால் நம்பிக்கை குலையும் என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. குலைவது எது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கன்று உயிர்த்தெழுந்ததற்குத் தொல்லியல் சான்று கேட்டு யாரும் திருவாரூர் போவதில்லை. அரசனும் நீதிக்குக் கட்டுப்பட்டவன் என்ற உணர்வு பெறவும், கும்பிடவும் போகிறார்கள். அந்த உணர்வுக்கு ஆண்டுக் கணக்கு தேவையில்லை. புராணத்தை நடந்த நிகழ்ச்சியாகவே மனப்பாடம் செய்த பிள்ளைதான் கல்லூரியில் முதல் மறுப்பைக் கேட்டதும் வரலாற்றையும் பக்தியையும் சேர்த்தே உதறும், அல்லது மறுத்தவர் மேல் பாயும்.

ஆகவே அந்த எட்டு வயதுக் கேள்விக்கு நேர்மையான பதில் இப்படி இருக்கலாம்: "சேக்கிழார் இப்படிச் சொல்லியிருக்கார், இலங்கையில ஒரு பிக்கு வேற மாதிரி சொல்லியிருக்கார். ரெண்டு பேருமே நேர்ல பார்க்கல. ஏன் ரெண்டு ஊர்லயும் இந்தக் கதையைப் பத்திரமா வச்சிருந்தாங்க? நீ என்ன நினைக்கிற?" பிறகு பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். அதற்காக ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் போகட்டும்.