இடைச்செருகலும் புள்ளியும்: ஒளிப்படப் போட்டிகளில் திருத்தத்தின் எல்லை - கொல்கத்தா நிகழ்வொன்றை முன்வைத்து

முன்னுரை

ஒளிப்படப் போட்டிகளுக்கான விதிமுறைகளைப் படிப்போர், அவற்றுள் பெரும்பகுதி 'எந்த அளவு திருத்தலாம்' என்னும் ஒரே வினாவைச் சுற்றி வருவதைக் காண்பர். ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம்; ஓரத்தை வெட்டலாம்; வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கலாம்; படத்தில் இருப்பதை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது என்ற வகையில் அவ்விதிகள் அமைகின்றன. கணினியும் போட்டோஷாப்பும் அறிந்தோர் பேசித் தீர்க்க வேண்டிய தொழில்நுட்பச் சிக்கல் இது என்று தமிழாய்வாளர் ஒதுங்கிவிடுதல் இயல்பே. ஆயின் இவ்வினா அடிப்படையில் பதிப்பறம் பற்றியது. ஏட்டுச் சுவடியைக் கையிலெடுத்த ஒவ்வொரு பதிப்பாசிரியரும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா அது. எதைத் துலக்கலாம், எதைத் தொடக்கூடாது, தொட்டால் அதனை எங்ஙனம் வெளிப்படுத்துவது என்பனவே இரண்டிடத்தும் எழும் சிக்கல்கள். இந்நோக்கில், கொல்கத்தாவில் எடுக்கப்பட்டு 2017ஆம் ஆண்டு உலக அளவில் பேசப்பட்ட ஒரு படத்தை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

கொல்கத்தாவும் ஒளிப்படமும்

கொல்கத்தாவைத் தேர்ந்தமைக்கு அந்த ஒரு படம் மட்டும் காரணமன்று. இந்தியாவின் தொடக்கக்கால ஒளிப்படக் கழகங்களுள் ஒன்றான வங்காள ஒளிப்படக் கழகம் 1856இல் அந்நகரில் தோன்றியது. சென்னையிலும் அதே ஆண்டில் ஒரு கழகம் தோன்றியது. வங்காளக் கழகத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவராக இருந்தவர் இராஜேந்திரலால் மித்ரா. ஆசியக் கழகத்தின் வழியாக வடமொழி நூல்கள் பலவற்றைப் பதிப்பித்தவரும், பின்னர் 1885இல் அக்கழகத்தின் முதல் இந்தியத் தலைவரானவரும் அவரே. சுவடிப் பதிப்பும் ஒளிப்படமும் ஒருவரிடத்தே கூடியிருந்தன என்பது நம் நோக்கில் கருதத்தக்கது. (ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளைச் சாடிப் பொதுக்கூட்டத்தில் பேசியமைக்காக 1857இல் அவர் ஒளிப்படக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். படத்தில் அவர் எதையும் திருத்தவில்லை. பேச்சில் எதையும் மறைக்கவில்லை என்பதே குற்றமாயிற்று.)

ஒளிப்படம் சான்றாக நின்று பேசிய வரலாறும் அந்நகருக்கு உண்டு. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் இருபது முதல் முப்பது இலட்சம் வரை இருக்கலாம் என்பது பலரும் கூறும் மதிப்பீடு. போர்க்காலத் தணிக்கை கடுமையாக நிலவிய அச்சூழலில், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழ், அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் துணிவினால், 1943 ஆகஸ்ட் 22ஆம் நாள் தெருவோரத்தில் பட்டினியால் சாய்ந்து கிடந்தோரின் படங்களை வெளியிட்டது. தில்லியும் இலண்டனும் மறுத்தும் குறைத்தும் கூறிவந்த ஒன்றைப் படங்கள் உறுதிப்படுத்தின. அப்படங்களுள் ஒன்றிலேனும் எலும்பு தெரியும்படி நிழல் கூட்டப்பட்டிருந்தது என்றோ, ஓர் உருவம் ஒட்டிச் சேர்க்கப்பட்டிருந்தது என்றோ மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பஞ்சம் பொய்யாகியிராது. எனினும் அதனை மறுத்தோர்க்கு அந்த ஒன்றே போதியதாக இருந்திருக்கும். சான்றாக நிற்கும் படத்தில் செய்யப்படும் சிறு பொய், உண்மையை மறுக்க விரும்புவோர் கையில் கருவியாகிறது.

சோனாகாச்சிப் படம்

2017ஆம் ஆண்டு மே மாதம் பேசுபொருளானவர் சௌவித் தத்தா என்னும் இளம் ஒளிப்படக் கலைஞர். கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் பாலியல் தொழிலில் உழலும் பெண்களைப் பற்றி அவர் எடுத்த படத்தொடர் பாராட்டுப் பெற்றிருந்தது. வேறு பணிகளுக்காகவும் நல்கைகளும் பரிசுகளும் அவருக்குக் கிடைத்திருந்தன. அத்தொடரின் ஒரு படத்திலுள்ள பெண்ணுருவங்களுள் ஒன்று அவர் எடுத்ததன்று என்பது வெளிப்பட்டது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மேரி எலன் மார்க் 1978இல் பம்பாயின் ஃபாக்லாந்து சாலையில் எடுத்த படமொன்றிலிருந்து அவ்வுருவம் பெயர்த்தெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. ஃபாக்லாந்து சாலைப் படங்கள் 1981இல் நூலாக வெளிவந்து உலகறிந்தவை. தத்தா குற்றத்தை ஒப்புக்கொண்டார். வேறு சில படங்களிலும் தாம் மாற்றம் செய்ததாகக் கூறி வருத்தம் தெரிவித்தார்.

இந்நிகழ்வு பற்றி எழுதியோர் பெரும்பாலும் மூவருக்கு இழைக்கப்பட்ட தீங்கையே பேசினர். மேரி எலன் மார்க்கின் படைப்புரிமை களவாடப்பட்டது. நேர்மையாகப் போட்டியிட்டோர் ஏமாற்றப்பட்டனர். பார்வையாளரின் நம்பிக்கை சிதைந்தது. மூன்றும் உண்மையே. ஆனால் நான்காவதாக ஒருவர் இருக்கிறார். 1978இல் பம்பாயில் ஒரு நாள் ஒளிப்படக் கருவியின் முன் இருந்த அந்தப் பெண்ணின் நிலை என்ன? அவரது உடல் அவரறியாமலே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைக் கடந்து வேறொரு நகரில், வேறொரு வாழ்க்கைக்குள் நடப்பட்டது. ஒரு பொருளைப் போல அவர் இடம்பெயர்க்கப்பட்டார். பெண்கள் பொருளைப் போலக் கைமாற்றப்படுவதைக் கண்டிக்க எழுந்த ஒரு படத்தொடரிலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் கொடுமை. போட்டி விதிமுறைகள் நடுவரையும் பிற போட்டியாளரையும் பார்வையாளரையும் நோக்கி எழுதப்படுபவை. படத்துள் இருப்பவருக்கு அவற்றில் இடம் அரிதாகவே கிடைக்கிறது.

அளவு அளவுகோல் ஆகாமை

எவ்வளவு திருத்தலாம் என்ற வினா அளவைக் கேட்கிறது. அளவைக் கொண்டு விடை காண முயன்றால் முரண்பாடே எஞ்சும். 2010ஆம் ஆண்டு வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் ஸ்டெபான் ருதிக் என்பாரது பரிசு பறிக்கப்பட்டது. மூலப்படத்தின் பெரும்பகுதியை அவர் வெட்டியெறிந்திருந்தார், வண்ணத்தை நீக்கியிருந்தார், ஓரங்களை இருளாக்கியிருந்தார். இவை எவையும் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. பின்னால் நின்ற ஒருவரது பாதத்தின் சிறு பகுதியை அழித்ததே குற்றமாயிற்று. இதனை நகைப்புக்கிடமான தீர்ப்பாகக் கருதியோர் உளர். பதிப்பியல் பயின்றோர்க்கு அதில் நகைப்பில்லை. நூலின் ஒரு பகுதியை மட்டும் தனித்தெடுத்து அச்சிடுதல் தொகுப்பு. அச்சிட்ட பகுதியினுள் ஒரு சீரை ஓசையின்றி நீக்குதல் பாடத்தைக் கெடுத்தல். முன்னது எத்துணைப் பெரிதாயினும் ஒப்பத்தக்கது. பின்னது எத்துணைச் சிறிதாயினும் ஆகாதது.

இனி, திருத்தமே செய்யாமல் பொய்த்த படங்களும் உள. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொடர்புடைய காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் தலைப்பரிசை வென்ற ஓநாய்ப் படம், அவ்விலங்கு பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்ற முடிவினால் பின்னர் நீக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படமும், அதிலிருப்பது பஞ்சடைத்த உடல் என்ற ஐயம் வலுத்து 2018இல் நீக்கப்பட்டது. இவற்றில் கணினி எதையும் செய்யவில்லை. காட்சியே கட்டமைக்கப்பட்டது என்பதுதான் குற்றச்சாட்டு. மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் நடைமுறை இத்தகையவற்றுக்குப் பயன்படாது.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

ஒளிப்படம் எல்லாமே சான்றாக இருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. 1857இல் மான்செஸ்டர் கண்காட்சியில் ஆஸ்கர் ரைலாண்டர் வைத்த 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் படம் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து உருவாக்கியது. இருட்டறையில் கலவையும் ஒட்டும் செய்து படம் படைக்கும் மரபு கொல்கத்தாவிலும் வேரூன்றியது. டம்டம் ஒளிப்படக் கழகம் சார்ந்த பேணு சென் அம்மரபில் பெயர் பெற்றவர். இவர்களைப் பொய்யர் எனக் கூறுவார் இலர்.

இங்குத் தொல்காப்பியம் அகப்பாடலுக்கு வகுத்த நெறி துணை செய்கிறது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தமைவதே புலனெறி வழக்கு என்பது அகத்திணையியல் கருத்து. நிகழாதது கூடிவருவது அங்குக் குற்றமன்று. ஏனெனில் கேட்போர் அதனை அறிந்தே கேட்கின்றனர். அந்த அகப்பாடலுக்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு. தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது. பெயர் சுட்டப்பட்டால் பாடல் புறமாகிவிடும். நெடுநல்வாடையில் வரும் வேம்பு பாண்டியனைச் சுட்டுவதால் அப்பாட்டுப் புறத்தின்பாற்படும் என்றார் நச்சினார்க்கினியர். ஓர் இலை போதும், பாடலின் இனம் மாறிவிடுகிறது. இவர் இன்னார், இவ்விடத்தில் இவ்வாறு இருந்தார் என்று படம் சுட்டத் தொடங்கிய கணமே அது நாடக வழக்கின் உரிமையை இழந்துவிடுகிறது. இன்ன நகர், இன்ன தெரு, இன்ன வயதுப் பெண் என்னும் விளக்கக் குறிப்போடு வரும் சோனாகாச்சிப் படம் புறத்தைச் சார்ந்தது. அதில் நாடக வழக்கை மறைவாகப் புகுத்தியதே தவறு. 2015இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு ஜியோவானி துரொய்லோவின் பரிசைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் படத்திலிருந்த புள்ளியோ நிழலோ அன்று. வேறோர் ஊரில் எடுத்ததை ஷார்லெருவா நகரினதாகக் குறிப்பிட்டதே.

செய்யறிவு வரைந்த உருவங்கள் போட்டிக்கு வரும் இந்நாளிலும் இவ்வேறுபாடு பயன்படும். 2023இல் சோனி உலக ஒளிப்பட விருதில் படைப்பாக்கப் பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தம் படம் செய்யறிவு ஆக்கியது எனக் கூறிப் பரிசை மறுத்தார். மறு ஆண்டு, செய்யறிவுப் பிரிவில் உண்மையான ஒளிப்படத்தை அனுப்பிப் பரிசு பெற்ற மைல்ஸ் அஸ்ட்ரே தகுதியிழந்தார். அவர் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. தம்மை வேறு இனத்தில் நிறுத்தினார், அவ்வளவே.

மறைத்தல் கடமையாகும் இடம்

அதே 2017 மே மாதத்தில் தத்தாவின் தொடரிலிருந்து வேறொரு படமும் கண்டனத்திற்குள்ளாயிற்று. ஒரு போட்டிக்கான விளம்பரத்தில் லென்ஸ்கல்ச்சர் தளம் அப்படத்தைப் பயன்படுத்தியிருந்தது. பதின்ம வயதினர் எனக் குறிப்பிடப்பட்ட ஒரு பெண் வாடிக்கையாளருடன் இருக்கும் நிலை அதில் காட்டப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்தபின் அவ்விளம்பரம் நீக்கப்பட்டது. அப்படத்தின்மீது எழுந்த கண்டனம் ஒட்டு வேலை பற்றியதன்று. திருத்தத்தை மட்டும் நோக்கும் போட்டி விதியின் கண்ணுக்கு அது தூய படம். ஆயின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுத்து அறத்தை மட்டும் நோக்கினும், இங்கே திருத்தாமை குற்றமாகிறது. முகத்தை மறைப்பது கடமையாகிறது.

ஒரே தொடரின் இரு படங்கள். ஒன்றில் திருத்தியது தவறு, மற்றொன்றில் திருத்தாதது தவறு. இரண்டையும் ஒருங்கே விளக்கும் அளவுகோல் எது?

புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முன் இத்தகைய நிலையே இருந்தது. சுவடிகளில் 267, 268ஆம் பாடல்கள் கிட்டவில்லை. வேறு பல பாடல்களில் அடிகளும் சீர்களும் சிதைந்திருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் யாப்புப் பயின்று விரைந்து செய்யுள் இயற்றவல்ல அவருக்கு அவ்விடங்களை நிரப்புதல் அரிய செயலன்று. நிரப்பியிருந்தால் கண்டறிதலும் எளிதாக இருந்திராது. அவர் சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே புள்ளியிட்டுக் காட்டினார். அந்தப் புள்ளியும் மூலத்தில் இல்லாததே, பதிப்பாசிரியர் சேர்த்ததே. எனினும் அஃது இடைச்செருகல் ஆகாது. இங்கு ஒன்று இல்லை என்று அது தானே சொல்லிவிடுகிறது.

முகத்தின் மேல் இடப்படும் கறுப்புப் பட்டையோ மங்கலோ அத்தகைய புள்ளி. படத்தில் கைவைத்ததை அது தானே அறிவிக்கிறது. படத்துள் இருப்பவரின் பொருட்டே கைவைக்கப்பட்டது என்பதும் அதிலிருந்து புலனாகிறது. ஒட்டப்பட்ட பெண்ணுருவமோ தான் ஒட்டப்பட்டதை மறைப்பதிலேயே உயிர் வாழ்கிறது. அதனால் பயன் பெறுவோர் படம் எடுத்தவர் ஒருவரே. தன்னை வெளிப்படுத்தும் திருத்தம், தன்னை மறைக்கும் திருத்தம் என்னும் இப்பகுப்பும், யார் பொருட்டுத் திருத்தப்பட்டது என்னும் வினாவும் சேர்ந்தே எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். புள்ளிகளை எண்ணுவதால் அது தீராது.

இதற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. வில்லையைத் தேர்வதும், கோணத்தைத் தேர்வதும், நூறு படங்களில் ஒன்றை அனுப்புவதும் திருத்தமே. ஆதலின் தூய சான்று என்பதே இல்லை என்பர். தேர்வு இன்றிப் படம் இல்லை என்பது மெய்தான். உரையாசிரியரும் பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்தே பொருள் கூறினார். அதனால் அவர் தாமே ஓர் அடியை எழுதிச் சேர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றுவிடவில்லை. தேர்வுக்கும் புனைவுக்கும் இடையே மங்கலான பகுதி இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

இயற்கைப் படங்களுக்குப் பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பும் அமெரிக்க ஒளிப்படக் கழகமும் அரச ஒளிப்படக் கழகமும் 2014இல் பொது வரையறை ஒன்றை ஏற்றன. வெட்டுதல் தவிர, படக்கூறுகளைச் சேர்த்தலும் நீக்கலும் இடம்மாற்றலும் அதில் விலக்கப்பட்டுள்ளன. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இது போதியதாக இருக்கலாம். மனிதரைச் சுட்டும் படங்களுக்கு இதனை அப்படியே எடுத்தாளுதல் பொருந்தாது. அங்கு, பதிப்புரையில் ஆசிரியர் தாம் பார்த்த சுவடிகளையும் செய்த மாற்றங்களையும் கூறுவது போல, எது மறைக்கப்பட்டது, ஏன் மறைக்கப்பட்டது, படத்திலிருப்பவர் இசைந்தாரா என்பனவற்றை எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடம் வேண்டும். முகம் மறைக்கப்பட்ட படம் பெரும்பாலும் அழகிற் குன்றியே தோன்றும். கண்ணைப் பார்த்தே பரிசளித்துப் பழகிய நடுவர்கள், அத்தகைய ஒரு படத்துக்கு முதற்பரிசு வழங்க முன்வருவார்களா என்பது தெரியவில்லை.