கஞ்சி ஊற்றலாம், கூலி கொடுக்கலாமா?

அமெரிக்காவில் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சர்ச் அலுவலகம். புதிதாகச் சேர்ந்த பெண் டிரைவிங் லைசென்ஸையும் சோஷியல் செக்யூரிட்டி கார்டையும் மேஜைமேல் வைக்கிறார். கணக்கர் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். எண், காலாவதித் தேதி, யார் வழங்கியது என்பதையெல்லாம் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். சில கார்டுகளின் முகப்பில் ‘வேலைக்குச் செல்லாது’ என்று அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் அந்தக் கார்டை ஏற்கக் கூடாது. மற்றபடி சிறிது நேரத்தில் முடிகிற காரியம்தான். அந்தப் படிவத்தின் பெயர் ஐ-9.

1986 நவம்பர் 6-ஆம் தேதி அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டத்தின் பிள்ளை அது. அன்றைக்குப் பிறகு யாரைச் சம்பளத்துக்கு அமர்த்தினாலும், அவருக்கு அந்த நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டு என்பதற்கான தாள்களை முதலாளி பார்த்தாக வேண்டும். சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் படிவத்தை முடிக்க வேண்டும். சர்ச், மசூதி, கோயில் எதற்கும் விலக்கு கிடையாது. சமயப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் அங்கே போகும் நம்மூர் அர்ச்சகரும் கோயில் அலுவலகத்தில் தாள்களை நீட்டியாக வேண்டும்.

அந்நியனை ஆதரி என்று போதிக்கிற மதம், அந்நியனா என்று சோதித்துக் கையெழுத்திடலாமா? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது.

1917-இல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டி, போரில் நொந்தவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் பேரெடுத்த அமைப்பு. 1947-ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசை பிரிட்டிஷ் குவேக்கர்களோடு பகிர்ந்துகொண்டது. குவேக்கர்கள் நீதிமன்றக் கூண்டில்கூடச் சத்தியம் செய்ய மறுப்பவர்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று எழுதி வாங்கும் ஐ-9 படிவத்தில் அவர்களை உறுத்தியது அதுதான் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் வழக்கின் மையம் அது இல்லை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் கூறு இருக்கிறது என்று நம்புகிறவர்கள், தேவையோடு வேலை கேட்டு வந்தவரைத் தாள் இல்லை என்று அனுப்ப முடியாது என்றார்கள். நியூயார்க் பக்கம் கத்தோலிக்க அமைப்பு ஒன்றும் இதே போன்ற வழக்கைத் தொடுத்தது.

இரண்டும் தோற்றன. கத்தோலிக்கர்களுக்கு 1990-இலும் குவேக்கர்களுக்கு 1991-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கைவிரித்தன. குவேக்கர்களைக் கவிழ்த்தது எங்கோ ஓரிகன் மாநிலத்தில் நடந்த வேறொரு வழக்கு. பூர்வகுடிகளின் சர்ச் ஒன்றைச் சேர்ந்த இருவர், சட்டம் தடைசெய்த பெயோட்டி என்ற கள்ளியை வழிபாட்டுச் சடங்கில் உண்டதற்காக வேலையிழந்தார்கள். வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எந்த மதத்தையும் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக உள்ள சட்டத்திலிருந்து மதத்தின் பெயரால் விலக்குக் கேட்க முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கள்ளிக்குச் சொன்ன தீர்ப்பு படிவத்துக்கும் பொருந்திப்போனது.

சட்டம் கோடு கிழித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். தாள் இல்லாதவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினால் ஐ-9 தேவையில்லை. அதே கஞ்சிக்கு ஈடாக அவர் பாத்திரம் கழுவிக் கொடுத்தால் தேவை. உழைப்புக்குப் பதிலாகத் தருகிற சோறும் தங்க இடமும்கூட ஊதியக் கணக்கில்தான் சேரும். ஆக, தர்மம் செய்யத் தடையில்லை, கூலிக்குத்தான் தடை.

சமயங்கள் இதை நேர் எதிராக அல்லவா அடுக்கி வைத்திருக்கின்றன! பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் சுளித்துக் கொடுப்பது அடிப்படி. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் அறியாத தானம்கூட உச்சிப்படி இல்லை. ஒருவருக்கு வேலையோ கடனோ தொழிலில் பங்கோ கொடுத்து, இனி யாரிடமும் கையேந்தாதபடி நிறுத்துவதே உச்சி. 1986-இன் சட்டம் கீழ்ப்படிகளை விட்டுவிட்டு உச்சிப்படியில் மட்டும் காவல் போட்டது.

அரசின் வாதத்தையும் லேசாகத் தள்ள முடியாது. வேலைதான் ஆட்களை எல்லை தாண்டி இழுக்கிறது, தாள் இல்லாதவரை அரைக்கூலிக்கு வைத்துப் பிழியும் முதலாளிகளும் இருக்கிறார்கள் என்பது அது. படிவத்திலும் ஒரு அடக்கம் உண்டு. எந்தத் தாளைக் காட்டுவது என்பது வந்தவர் விருப்பம். பாஸ்போர்ட்டைத்தான் கொண்டு வா என்று முதலாளி சொல்லக் கூடாது. பார்த்தால் அசலாகத் தோன்றினால் போதும், துருவித் துருவி இன்னொன்று கேட்டால் அது பாகுபாட்டுக் குற்றமாகலாம். தாள் தொலைந்து மறுபடி விண்ணப்பித்திருந்தால் ரசீதைக் காட்டி 90 நாள் அவகாசம் பெறலாம்.

ஆனால் சட்டம் கேட்ட அடக்கம் மனிதர்களிடம் நிற்கவில்லை. வெளிநாட்டுச் சாயலில் இருப்பவர்களையும் வேறு உச்சரிப்பில் பேசுபவர்களையும் முதலாளிகள் ஒதுக்கத் தொடங்கினார்கள். இந்தச் சட்டத்தால் பரவலான பாகுபாடு விளைந்திருக்கிறது என்று 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பே அறிக்கை கொடுத்தது. சந்தேகிக்கும் வேலையைக் கொடுத்தால் சந்தேகம் பழக்கமாகிவிடுகிறது.

கள்ளித் தீர்ப்பால் கொதித்த பல மதத்தவரும் சேர்ந்து நெருக்க, 1993-இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. சமய நம்பிக்கையின்மேல் பெரிய சுமையை ஏற்றினால், அதற்குத் தலையாய காரணம் இருப்பதையும் அதைவிட இலகுவான வழி இல்லை என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும். இன்று ஒரு சர்ச் அதே வழக்கோடு போனால், ‘எல்லோருக்கும் ஒரே சட்டம்’ என்று மட்டும் சொல்லி அரசு தப்பிக்க முடியாது. சர்ச் ஜெயிக்குமா என்பது வேறு விஷயம். குடிவரவைக் கட்டுப்படுத்துவது தலையாய காரணம் என்பதை நீதிபதிகள் எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடும். சர்ச் சமையலறையில் பாத்திரம் கழுவும் நாலைந்து பேருக்கு விலக்கு கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு எப்படிக் கெடும் என்பதை விளக்குவதில்தான் அரசு வக்கீலுக்கு வியர்க்கும்.