வட்டு இயக்கி இல்லாத மடிக்கணினியும் உடைமை என்னும் கேள்வியும்

ஒரு பொருளைக் குறைத்துக்கொள்வது எப்போது துறவாகிறது, எப்போது வெறும் இழப்பாக நின்றுவிடுகிறது என்பது சமயங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வியாகும். அது இன்று கணினிக் கடையிலும் எழுகிறது. குறுந்தட்டையும் டிவிடியையும் படிக்கும் வட்டு இயக்கி, அதாவது பேச்சுவழக்கில் சிடி டிரைவ் எனப்படும் பாகம், உள்ளமையாத சிறிய மடிக்கணினியை வாங்குபவர் எடையையும் விலையையும் பேட்டரி தாங்கும் நேரத்தையும் எண்ணியே அதைத் தேர்ந்தெடுக்கிறார். ஆயினும் தாம் படிக்கும் நூலோடும் கேட்கும் இசையோடும் பார்க்கும் படத்தோடும் தமக்குள்ள உறவு எத்தகையது என்பதையும் அவர், பெரும்பாலும் அறியாமலேயே, அப்போது முடிவு செய்துவிடுகிறார்.

இயக்கியை நீக்குவதற்கான பொறியியல் காரணம் எளியது. குறுந்தட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது முதல் அதன் விட்டம் 12 சென்டிமீட்டராகவே இருந்துவருவதால், அதைச் சுழற்றும் கருவியின் அகலத்தை எவ்வளவு முயன்றாலும் அதற்குக் கீழே கொண்டுவர இயலாது; அதன் உயரம் மட்டும் 12.7 மில்லிமீட்டரிலிருந்து 9.5 மில்லிமீட்டராகக் குறைந்தது. எனவே, கணினியைச் சிறிதாக்க விரும்பியோர் முதலில் கைவைத்தது அந்த இயக்கியின் மீதுதான். ஏசுஸ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, 7 அங்குலத் திரை கொண்ட ஈ பிசி அவ்வாறே அமைந்தது. 2008 ஜனவரி 15 அன்று ஆப்பிள் அறிமுகப்படுத்திய மேக்புக் ஏர் 1.36 கிலோ எடையும், மிகத் தடித்த இடத்தில் 1.94 சென்டிமீட்டர் கனமும் கொண்டிருந்தது. வட்டு வேண்டுவோர் 99 டாலர் கொடுத்துத் தனி இயக்கி வாங்கிக்கொள்ளலாம் என்றும், இல்லையேல் அருகிலுள்ள மற்றொரு கணினியின் இயக்கியைக் கம்பியில்லா இணைப்பு வழியே இரவல் பெறலாம் என்றும் அந்நிறுவனம் வழி காட்டியது. அந்த இரவல் முறையில் மென்பொருளை நிறுவ முடிந்ததே தவிர, திரைப்பட டிவிடியையும் இசைத் தட்டையும் இயக்க முடியவில்லை. இரவலாகப் பெறும் வசதிக்கு எல்லை வகுப்பவர் அதைப் பயன்படுத்துபவர் அல்லர் என்பது அந்தச் சிறு ஏற்பாட்டிலேயே தெரிந்துவிட்டது.

பொருளைக் குறைப்பது பற்றி மிக நுட்பமாகச் சிந்தித்தவர்கள் சமணர்கள். பரிக்கிரகம் என்று அவர்கள் வழங்குவது, ஒருவரிடம் பொருள் இருப்பதை மட்டும் குறிப்பதன்று. அப்பொருளின் மீது படியும் பற்று மயக்கத்தையே உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகம் என வரையறுக்கிறது. திகம்பரத் துறவி உடையையும் விட்டவர். அவரிடம்கூட மயிற்பீலியும் கமண்டலமும் சுவடியும் இருக்கலாம். பீலி சிற்றுயிர்களை ஊறின்றி விலக்குவதற்கும், கமண்டலம் தூய்மைக்கும், சுவடி ஞானத்துக்கும் துணையாவதால் அவை உபகரணம், அதாவது நோன்புக்கு உதவும் கருவி, எனக் கொள்ளப்படுகின்றன. இல்லறத்தாருக்கோ முற்றத் துறத்தல் விதிக்கப்படவில்லை; எவ்வளவு போதும் என்ற அளவைத் தாமே வகுத்து அதில் நிற்பதே அவர்களுக்குரிய நோன்பாகும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதனை இச்சா பரிமாணம், அதாவது விருப்பத்துக்கு இடும் அளவு, என்றும் பெயரிட்டு அழைக்கிறது.

இங்கே உயிர்நாடியாக நிற்பது ‘தாமே’ என்பதுதான். தமக்கு வட்டு வேண்டியதில்லை என்று எண்ணித் தெளிந்து சிறிய கணினியை வாங்குபவரும், கடையில் வேறு வகை கிடைக்காமையால் அதையே வாங்குபவரும் ஒரே பெட்டியைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். முன்னவர் தம் தேவைக்கு அளவு வகுத்தவர். பின்னவருக்கு அளவு வகுக்கப்பட்டுவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் சிறிய மடிக்கணினிகளில் இயக்கி அநேகமாக இல்லை என்பதால், வாங்குவோரில் பலர் இரண்டாம் வகையினராகவே இருக்க நேர்கிறது. இதனை எளிமை என்று புகழ்வது எளிமைக்கு நீதி செய்வதாகாது.

இதைவிட ஆழமான சிக்கலை ஐரோப்பிய இடைக்காலத்தின் ஒரு சமய வழக்கு வெளிப்படுத்துகிறது. அசிசியின் பிரான்சிஸ் நிறுவிய துறவியர் சபைக்கு 1223-இல் உறுதி செய்யப்பட்ட ஒழுங்கு, வீடோ நிலமோ வேறெந்தப் பொருளோ சபையினருக்குச் சொந்தமாகக் கூடாது என்று விதித்தது. உண்ணாமலும் உடுக்காமலும் வாழ இயலாதே என்ற கேள்வி எழவே, பொருள்களின் உடைமை திருச்சபையுடையது, துறவியருக்கு உள்ளது வெறும் பயன்பாடு மட்டுமே என்று திருத்தந்தை மூன்றாம் நிக்கோலாஸ் 1279-இல் தீர்ப்பளித்தார். திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் 1322-இல் இந்த ஏற்பாட்டைக் குலைத்தார். உண்டவுடன் தீர்ந்துபோகும் பொருளில் பயன்பாட்டை உடைமையிலிருந்து பிரிப்பது பொருளற்றது என்பது அவருடைய வாதம். சபையின் பக்கம் நின்று அவரை எதிர்த்து எழுதிய ஒக்காமின் வில்லியம், துறவி ஒரு பொருளைப் பயன்படுத்துவது உரியவரின் இசைவால் மட்டுமே என்றும், அவ்விசைவை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும், அப்போது துறவி நீதிமன்றம் சென்று வழக்காட உரிமையற்றவர் என்றும் விளக்கினார்.

ஒக்காம் விவரித்த அந்த நிலை இன்று கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பழக்கமானதே. வட்டு இல்லாத இடத்தை நிரப்புவன சந்தாவும் உரிமமும் ஆகும். உரிமம் என்பது நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்திக்கொள்ள அளிக்கப்படும் இசைவு. அமேசான் நிறுவனம் 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களைப் பதிப்புரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்ற காரணத்தால், பணம் கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவற்றை நீக்கியது; பணம் திரும்பிவந்தது, நூல் போய்விட்டது. பிரான்சிஸ்கத் துறவி இந்த உரிமையற்ற நிலையை அறிந்து, விரும்பி, கடவுளை முன்னிட்டு ஏற்றார். இன்றைய நுகர்வோர் அதே நிலையை, நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்புக்கொண்டு, விலையும் கொடுத்து வாங்குகிறார். முன்னது நோன்பு, பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

வட்டை ஒரேயடியாக உயர்த்திப் பேசுவதும் தவறாகும். எழுதும் வகை வட்டின் சாயம் வெயிலில் மங்குகிறது. மென்பொருள் வட்டோடு வந்ததும் பெரும்பாலும் உரிமமே. எனினும் இசைத் தட்டும் படத் தட்டும் விற்கப்பட்ட பிரதிகள் ஆதலால், வாங்கியவர் அவற்றை இரவல் தரலாம், மறுவிற்பனை செய்யலாம், தானமாகவும் அளிக்கலாம். விற்ற பிரதியின் மீது பதிப்பாளரின் பிடி தளர்ந்துவிடுகிறது என்னும் இக்கொள்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே ஒரு நாவலின் மறுவிற்பனை விலை பற்றிய வழக்கில் நிலைநாட்டியது. இணையவழி வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் அதே பாதுகாப்பைத் தர மறுத்தது.

தானம் செய்ய இயலாமை என்பது சட்டச் சிக்கலாக மட்டும் கருதப்படத் தக்கதன்று. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனச் சமணர் இல்லறத்தாருக்கு வகுத்த நால்வகைத் தானங்களில் இறுதியானது நூலை ஈவதாகும். கன்னட நாட்டில் அத்திமப்பை என்னும் பெருமாட்டி பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் சுவடிகளாகப் படியெடுத்து வழங்கியதாகப் போற்றப்படுகிறார். இசைவின் பேரில் பயன்படுத்துபவருக்கு இத்தகைய ஈகை வாய்க்காது. தமதல்லாததை ஒருவர் ஈயவும் முடியாது, துறக்கவும் முடியாது. ஆகவே, உடைமையைப் பற்றின்றி வைத்திருப்பது உடைமையே இல்லாமல் போவதைவிடச் சில வேளைகளில் உயர்ந்த அறமாகிறது.

இக்கருத்துகளை ஏற்றால், சிறிய கணினியைத் தவிர்க்கவேண்டும் என்ற முடிவு பிறப்பதில்லை. நாள்தோறும் தோளில் சுமப்பவருக்கு அதுவே ஏற்றது. வட்டு இயக்கி தனிக் கருவியாக வீட்டிலோ நூலகத்திலோ பலருக்கும் பொதுவாக இருந்தால் போதும். யூஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லியாம்பியர் மின்னோட்டம் சில இயக்கிகள் சுழலத் தொடங்குவதற்குப் போதாமையால்தான், அவற்றின் வடம் ஒரு முனையில் இரண்டாகப் பிரிந்து இரு துளைகளில் செருகும்படி அமைந்துள்ளது. துளை ஒன்றே உள்ள கணினியை வாங்குவோர் இதை முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும். புதிய கணினிக்குப் பணம் செலுத்தும் முன், வீட்டிலுள்ள பழைய வட்டுகளை வெளியே எடுத்து, திருமண ஒளிப்பதிவையும் குடும்பப் புகைப்படங்களையும் வேறொரு சேமிப்பகத்துக்கு மாற்றிக்கொண்டு, தமக்கு இனி வேண்டாத இசைத் தட்டுகளையும் படத் தட்டுகளையும் குப்பையில் எறியாமல், கேட்கவும் பார்க்கவும் ஆர்வமுள்ள ஒருவர் கையில் வாசகர்கள் சேர்ப்பிக்கவேண்டும்.