சூரபன்மன் திரும்பிய இடம்

வவுனியாக் கந்தசுவாமி கோயில் முதலிய வன்னிநாட்டுத் தலங்களில் ஐப்பசிக் கந்தசட்டி வந்துழி, சூரன் தலைமாறித் தலைமாறி வருதலையும், ஈற்றில் மயிலுஞ் சேவலும் ஆதலையும் சிறாரும் கண்டு களிப்பர். அம்மயிலுஞ் சேவலும் உணர்த்தும் பொருள் யாது என்று வினாவுவார் சிலரே. மனந்திரும்புதலை இதனினும் நுணுகிக் காட்டும் இடம் நம் புராணங்களில் அரிது என்பது எமது துணிபு.

கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்து யுத்தகாண்டத்தில், முருகப்பெருமான் போர்க்களத்தே தமது பேருருவைக் காட்டியருளுகின்றார். கண்ட சூரபன்மனுக்கு மெய்யறிவு தோன்றிற்று. பாலனென்று தான் இகழ்ந்தவர் முழுமுதல்வரென உணர்ந்தான். வணங்கவும் துதிக்கவும் உள்ளம் அவாவிற்று. ஆயினும் வணங்கினானல்லன். தன்னைத் தடுப்பது மானமே என்று அவனே கூறுகின்றான். பெருமான் அவ்வுருவைச் சுருக்கிய அளவில் பழைய சினமே மூண்டது. அறிவு வந்தது, வியப்பு வந்தது; திரும்புதல் வந்திலது. கண்ணீரையே மனந்திரும்புதலென்று மயங்குவோர் இதனை ஊன்றி நோக்குக.

பின்பு அவன் கடல்நடுவே மாமரமாய் நின்றான். அம்மாமரம் ஆணவமலம், வேல் ஞானசத்தி என்பர் பெரியோர். வேல் மாவைப் பிளந்தது. தன்னுருக்கொண்டு மீண்டும் எதிர்த்தவனையும் இருகூறாக்கிற்று. அக்கூறுகள் சேவலும் மயிலுமாய் எழுந்து, அப்பொழுதும் பகைகொண்டே பாய்ந்தன. பலர் மறந்துவிடும் செய்தி இது. பிளவுண்டும் உள்ளம் மாறிற்றில்லை! பெருமான் அருட்கண்ணால் நோக்கிய பின்னரே பகைமை ஒழிந்தது. சேவல் கொடியாயிற்று, மயில் ஊர்தியாயிற்று.

அவனை நீறாக்காது விட்டது ஏன்? ஆணவம் அநாதி, முத்தியினும் அஃது அழிவதன்று, அதன் சத்தியே கெடும் என்பது சைவசித்தாந்தம். சூரனது வலிமையும் அழிந்திலது. தன்னையே சுமந்து திரிந்த வலிமை தலைவனைச் சுமக்கும் வலிமையாயிற்று.

இனி, நம்மூர் நிலைமேல் இதனை வைத்து நோக்குவாம். போரினால் வன்னிமக்கள் பன்முறை இடம்பெயர்ந்தனர். 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளத்து முகாம்களில் இலக்கக்கணக்கானோர் அடைபட்டிருந்தனர். அக்காலத்து ஒருவன் தன் அயலானது வயல்வரம்பை நகர்த்திக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சட்டி ஆறுநாளும் உபவாசமிருக்கின்றான், காவடி எடுக்கின்றான், சந்நிதியில் அழுகின்றான். விரதத்தை யாம் குறைகூறேம், அவ்வழுகையும் பொய்யன்று. ஆயின் அது பேருருக் கண்ட சூரனது நிலையே. அயலான் வீட்டுப் படலையைத் திறந்து, “இவ்வரம்பு உன்னுடையது” என்று சொல்ல அவனை விடாதது வறுமையன்று. சூரனைத் தடுத்த அந்த மானமே.

“அருணோக்கம் வரும்போது திரும்புவேன், அதுகாறும் யான் என்செய்வேன்?” என்பானாயின், அருள் முன்னரே வந்துவிட்டது என்க. போருக்கு முன் வீரவாகுதேவரைத் தூதுவிட்டதும் அருளே. முகாமினின்று மீண்ட அயலான் ஒருநாள் வந்து, ஒன்றுங் கேளாது, தன் பழைய வரம்பிருந்த இடத்தில் சிறிதுபொழுது நின்று போனானல்லனோ? அதுவே இவனுக்கு வந்த தூது.