ஹடமாரி

பேத்திக்கு 14-ஆவது வாரத் தடுப்பூசி. அல்சூரில் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஊசி இறங்கியதும் அரை நிமிஷம் அழுதாள். பிறகு நர்ஸம்மா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்தவள், விடவேயில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். பிரித்த விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. “ஹடமாரி ஹுடுகி” என்று கன்னடத்தில் சிரித்தார் அந்தம்மா. பிடிவாதக்காரி. சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் மகள் போனில் சொல்லியாயிற்று.

எனக்கு அந்தக் கயிறு மனசை விட்டுப் போகவில்லை.

என்னை அம்மா ‘அழுத்தக்காரன்’ என்பாள். தொட்டிலில், பசித்தாலும் அழாமல் மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பேனாம். பள்ளிக்கூடம், ஆபீஸ், கல்யாண வீடு, எங்கும் வாய் திறக்காதவன் என்றே பெயர் வாங்கினேன். மோட்டுவளை பார்த்த குழந்தை அப்படி வளர்ந்ததா, அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு நான் அப்படி ஆனேனா? அம்மாவிடமே கேட்டிருக்கலாம். அழுத்தக்காரன், கேட்கவில்லை.

எப்போதோ படித்தது: 1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, நூற்றுச் சொச்சம் கைக்குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை கவனிக்கத் தொடங்கினார்கள். சுலபமானவை, சிரமமானவை, மெல்லப் பழகுபவை என்று மூன்று வகை பிரித்தார்கள். இந்த மூன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நூற்றுக்கு 35 குழந்தைகள் எதிலும் அடங்கவில்லை என்பதைச் சொல்வாரில்லை. சுபாவம் எதுவானாலும் அது வீட்டோடு பொருந்துகிறதா என்பதே பெரிது என்றும் அவர்கள் எழுதினார்கள். நியூசிலாந்தின் டனீடினில் நடந்த இன்னொரு ஆய்வில், 3 வயதில் பார்த்த குணத்தின் சாயல் 26 வயதிலும் தெரிந்ததாம். மூன்று வயது சரி. மூன்றரை மாதம்?

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறோம். பழக்கம் என்றுதானே இருக்கிறது, பிறவிக்குணம் என்றில்லையே.

மருத்துவம் படிக்கும் தம்பி மகன் ஒரே வரியில் முடித்தான்: “பெரியப்பா, அந்த வயசுல உள்ளங்கையில எது பட்டாலும் பிடிச்சுக்கும். அனிச்சை. ஆறு மாசத்துக்குள்ள போயிடும்.” அப்படியென்றால் பிடிவாதமுமில்லை, ஒன்றுமில்லை. பிரித்த விரல் திரும்பிப் போனதே, அதுவுமா? “அதுவும்தான்னு நினைக்கிறேன்” என்று இழுத்தான்.

நேற்று ராத்திரி மடியில் கிடந்தவள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். விலக்கப் போனேன், வாயில் தானாக வந்தது, “ஹடமாரி.” சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.