பாட்டி சொல்ல மறுத்தால்?

குடும்பக் கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சேர்க்க இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் குரலைப் பதியலாம், பழைய பெட்டியைத் திறந்து வைத்துக் கதை கேட்கலாம், படக்கதையாக வரையலாம். ஆனால், பெரியவர் சொல்ல விரும்பாததையும் கேட்டு வாங்க இளையவருக்கு உரிமை உண்டா?

டெல்லியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1947 பிரிவினையை ஒட்டி ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் இந்நகரை வந்தடைந்தார்கள். லாஜ்பத் நகரும் ராஜிந்தர் நகரும் அவர்கள் குடியேறி வளர்ந்த பகுதிகள். கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். கண்ணால் பார்த்ததைப் பற்றி மட்டும் பலர் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தைப் பொருள்களின் வழியே அணுகியவர் டெல்லி எழுத்தாளர் ஆஞ்சல் மல்ஹோத்ரா. உறவினர் வீட்டில் அவர் கண்ட, லாகூரிலிருந்து வந்த ஒரு குடமும் துணி அளக்கும் கஜக்கோலும், 2017இல் வெளிவந்த அவரது நூலுக்கு வித்தாயின. காஷ்மீரி கேட் அருகே தாரா ஷிகோ நூலகக் கட்டடத்தில் 2023இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்திலும் குடும்பங்கள் தந்த பொருள்கள் இருக்கின்றன. இம்முறையில் ஓர் அறம் உண்டு. குடத்தைப் பற்றிக் கேட்டால், தயிர் கடைந்த கதையோடு நிறுத்திக்கொள்ளவும் பாட்டிக்கு இடமிருக்கிறது. 'அன்று என்ன நடந்தது?' என்று ஒலிவாங்கியை நீட்டினால் அந்த இடம் பறிபோகிறது. பிரிவினையின்போது கடத்தப்பட்டு, பின்னர் அரசு மீட்டுவந்த பெண்கள் பலர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லாமலே வாழ்ந்தார்கள். அதைத் தோண்டி எடுக்கப் பேத்தி என்ற உறவு போதாது.

ஆனால் எல்லா மௌனமும் சொந்தக் காயத்தை மறைப்பதல்ல. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா கிராமத்தில், கலவரத்தின்போது சீக்கியப் பெண்கள் பலர் கிணற்றில் குதித்து இறந்தார்கள். குடும்பங்கள் அதைத் தியாகமாகவே சொல்லிவந்தன. குதித்தவர்கள் விரும்பித்தான் குதித்தார்களா என்ற கேள்வியை எழுத்தாளர் ஊர்வசி புட்டாலியா 1998இல் வெளிவந்த தம் நூலில் எழுப்பினார். பெருமையாகச் சொல்லப்படும் கதையிலும் ஒரு மௌனம் உண்டு என்பதை அது காட்டியது. வீடுகளின் கதையும் இப்படித்தான். டெல்லியை விட்டு வெளியேறிய முஸ்லிம்களின் வீடுகளில் அகதிகள் பலர் குடியேறினார்கள். லாகூரில் விட்டுவந்த முற்றத்தைப் பேரனுக்கு வர்ணிக்கும் குடும்பம், இங்கே தனக்குக் கிடைத்த வீட்டில் முன்பு யார் அடுப்பு மூட்டினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

கோடு அங்கேதான் விழுகிறது. தன் உடலும் மனமும் பட்டதைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. இன்னொருவரின் இழப்பை மறைக்கும் உரிமை எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. இரண்டும் ஒரே கதையில் பின்னிக் கிடக்கும்போது சிக்கல் வரும். அப்போது சொல்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் 'போதும்' என்றால் பதிவை நிறுத்த வேண்டும். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு முன் மறுபடியும் கேட்க வேண்டும். மற்றவரின் இழப்பை அறியச் சொல்பவரையே நெருக்கத் தேவையில்லை. நூல்களும் ஆவணங்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படித்து, குடும்பக் கதையில் விடுபட்டதைச் சேர்ப்பது இளையவரின் பொறுப்பு.